கறுப்பாய்ப் பிறந்த வெள்ளைக் குதிரை

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சிறிய முனீஸ்வரர் கோயில் உண்டு. சந்நிதிக்கு வெளியே சுதைக் குதிரை ஒன்று, முன்னங்காலைத் தூக்கி, பல் தெரிய வாயைத் திறந்தபடி நிற்கும். உடம்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. மூக்கும் உதடும் மட்டும் ரோஜா நிறம். திருவிழாவுக்குத் திருவிழா அதற்குப் புதுச் சாயம் ஏறும். அப்பா அந்தக் குதிரையைக் கடக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "மூக்கு தப்பு."

அப்பா மலேசியாவின் பினாங்கு குதிரைப் பந்தயத் திடலில் சைஸ். குதிரைக்காரர் என்று தமிழில் எழுதலாம்தான், ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பத்து காந்தோங் என்ற இடத்தில் இருந்த அந்தப் பந்தய கிளப் 1864-இல் தொடங்கியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து லாயத்துக்குப் போவார். வைக்கோலை அள்ளி, குளம்பைச் சுரண்டி, பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் குளிப்பாட்டி, நடக்க வைத்து, தீனி போட்டுவிட்டுத்தான் பசியாற வருவார். குதிரையை எங்கே கூட்டிப்போனாலும் அதன் இடது தோளருகேதான் நிற்பார். வலது பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "அதுக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம், எனக்கும்" என்பார்.

1985-இல் நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தேன். அதே வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நான்கு வயதுக் குதிரை வந்து அப்பாவின் பொறுப்பில் சேர்ந்தது. பதிவேட்டில் அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். அப்பா வைத்த பெயர் வெள்ளையன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் குதிரை இரும்புச் சட்டி நிறத்தில் இருந்தது. தொடையில் மட்டும் மழைத்துளி விழுந்த மாதிரி வட்டம் வட்டமாக வெளிறல். பிடரியும் வாலும் கரி.

"கறுப்பா இருக்கு, வெள்ளையன்னு பேரு வச்சிருக்கீங்களே அப்பா?"

"இப்ப கறுப்புதான். நீ பெரிய பிள்ளையானதும் பாரு."

பார்த்தேன். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது முகம் வெளுத்திருந்தது. ஆறாம் ஆண்டில் வட்டங்கள் கரைந்து உடம்பெல்லாம் ஒரே சாம்பல். இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்தில் பிடரி போனது. மூன்றாம் படிவத்தில் முட்டிகளில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிழல் மிச்சம், மற்றபடி பால் வெள்ளை. அதற்குள் அது பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று, மிரளும் இளங்குதிரைகளோடு கூடவே போய் அவற்றைத் தொடக்கக் கதவுவரை சேர்க்கும் வேலையில் இருந்தது. குடியிருப்பு அம்மாக்கள் சிலர் அதைச் 'சாமி குதிரை' என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அத்தனை வெள்ளையிலும் அதன் மூக்கு மட்டும் கடைசிவரை அட்டைக் கறுப்பாகவே இருந்தது. கண்ணைச் சுற்றியும் அப்படித்தான். ரோமம்தான் நரைக்கும், தோல் நரைக்காது. "மூக்கு தப்பு" என்று அப்பா சொன்னதன் அர்த்தம் அதுதான்.

இப்போது நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஐந்தாம் படிவத்தில் மரபியல் பாடம் வரும்போது எல்லாரும் பட்டாணிச் செடியை வைத்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டலிடம் தொடங்குவார்கள். நான் குதிரையில் தொடங்குவேன். பட்டாணிச் செடியைப் பிள்ளைகள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. குதிரை என்றால் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

முதலில் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: குதிரையின் உடம்புக்கு இரண்டே சாயம்தான் தெரியும். ஒன்று கறுப்பு, இன்னொன்று சிவப்பு. யூமெலனின், ஃபியோமெலனின் என்பவை அவற்றின் பெயர்கள். உலகத்தில் இருக்கிற அத்தனை குதிரை நிறமும் இந்த இரண்டை எங்கே பூசுவது, எவ்வளவு நீர்விடுவது, எங்கே பூசாமல் விடுவது என்பதிலிருந்து வருபவை. பூசுகிற வேலையைச் செய்வது நிறமி உயிரணுக்கள். அவற்றின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கிறது. எம்சி1ஆர் என்ற மரபணு அதை உண்டாக்குகிறது. வாசலில் இருக்கிற அழைப்பு மணி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் உள்ளே கறுப்பு தயாராகும். அடிக்காவிட்டால் சிவப்பு. இந்த மரபணுவின் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால், அந்த ஏற்பிப் புரதத்தின் 83-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. மணி கெட்டுப்போயிற்று. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் கெட்டுப்போன குதிரையின் ரோமத்தில் கறுப்பு வரவே வராது. உடம்பு, பிடரி, வால் எல்லாம் செம்பு. திடலில் அதற்குப் பெயர் செஸ்நட். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1996-இல் இந்த எழுத்தைக் கண்டுபிடித்தார்கள்.

மணி நன்றாக இருக்கிற குதிரை எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டுமே? இல்லை. அகூட்டி என்று இன்னொரு மரபணு, அந்த மணியை உடம்புப் பகுதியில் மட்டும் கையால் பொத்திக்கொள்கிறது. அதனால் உடம்பு செம்பழுப்பு, ஆனால் பிடரியும் வாலும் முட்டிக்குக் கீழே காலும் கறுப்பு. இதுதான் பே. பந்தயக் குதிரைகளில் நாம் அதிகம் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். அகூட்டியில் 11 எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதி இரண்டு சேர்ந்தால் பொத்துகிற கை இல்லாமல் போகிறது. அப்போதுதான் உச்சி முதல் குளம்புவரை கறுப்புக் குதிரை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. செஸ்நட் குதிரையிடமும் நல்ல அகூட்டி இருக்கலாம். ஆனால் மணியே கெட்டுக் கிடக்கிற வீட்டில் அதைப் பொத்துகிற கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வெளியே ஒன்றும் தெரியாது. அந்தச் சிவப்புக் குதிரையைக் கறுப்புக் குதிரையோடு சேர்த்தால், நல்ல மணி கறுப்பிடமிருந்து வரும், பொத்துகிற கை சிவப்பிடமிருந்து வரும், குட்டி பே நிறத்தில் பிறக்கலாம். அப்பனிடமும் இல்லாத நிறம், ஆத்தாளிடமும் இல்லாத நிறம். சம்பந்தமே இல்லாத குட்டி என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். சம்பந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் பெண் பிள்ளை பிறந்தால் எட்டிப் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி, "நிறம் யாரு மாதிரி?" என்பதுதான். நான் பிறந்தபோதும் கேட்டிருக்கிறார்கள். "யாரு மாதிரியும் இல்லையே" என்று ஒரு பாட்டி சொன்னதை அம்மா பல வருஷம் மனதில் வைத்திருந்தார். அம்மாவுக்கு இந்தக் குதிரைக் கணக்கை நான் சொல்லிக்கொடுத்த நாளில், "இத அந்தக் கிழவிகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கணும்" என்றார்.

சிவப்பு ஒளிந்துகொள்ளும் நிறம். ஒரு பே குதிரை கெட்ட மணியின் ஒரு பிரதியைச் சுமந்துகொண்டு சாகும்வரை பே நிறத்திலேயே ஓடலாம். அதன் குட்டியும் சுமக்கலாம். பல தலைமுறை தாண்டி, இதேபோல் சுமக்கிற இன்னொரு குதிரையோடு சேரும்போது சட்டென்று செம்பு நிறக் குட்டி ஒன்று வந்து விழும். ஆனால் இரண்டு செஸ்நட் சேர்ந்தால் செஸ்நட்தான் பிறக்கும், வேறு வழியே இல்லை.

இந்த விதியை வைத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. மெண்டலின் கண்டுபிடிப்பு 1900-இல்தான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. பட்டாணிக்கு வேண்டுமானால் சரி, பெரிய விலங்குக்குப் பொருந்துமா என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஹர்ஸ்ட் என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, செஸ்நட்டும் செஸ்நட்டும் சேர்ந்தால் செஸ்நட்தான் என்று அறிவித்தார். மெண்டலை ஏற்காத வெல்டன் என்ற விலங்கியல் பேராசிரியர் அதே பதிவேட்டைக் கையில் எடுத்து, இதோ செஸ்நட் ஜோடிக்கு பே குட்டி என்று விதிவிலக்குகளை எடுத்துக் காட்டினார். ஹர்ஸ்ட் விடவில்லை. பதிவுதான் தப்பு, குதிரை தப்பு செய்யாது என்றார். வெல்டன் அந்தப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, 1906 ஏப்ரலில், நிமோனியா வந்து 46 வயதில் இறந்துபோனார். விதி நின்றது. அந்த விதிவிலக்குகளின் காரணமும் பெரிய மர்மமில்லை. குட்டி பிறந்த சில வாரத்தில் ரோமம் ஒரு நிறம், பிறகு வேறு நிறம். அவசரத்தில் எழுதியிருப்பார்கள். சில இடத்தில் அப்பன் பெயரையே மாற்றி எழுதியிருப்பார்கள். நூறு வருஷம் கழித்து இதை வாசித்த எனக்கு, வெல்டன் மேல்தான் இரக்கம் வந்தது. தப்பான காகிதத்தை நம்பி எவ்வளவு உழைப்பு!

காகிதம் என்றதும் வெள்ளையனின் அடையாளப் புத்தகம் ஞாபகம் வருகிறது. அப்பா ஒருமுறை அதை அலுவலகத்திலிருந்து வாங்கி வந்து எனக்குக் காட்டினார். குதிரையின் கோட்டுப்படம் இடம், வலம், முன், பின் என்று அச்சிட்டிருந்தது. அதில் சிவப்பு மையில் நெற்றி நட்சத்திரமும் ஒரு காலின் வெள்ளைச் சாக்ஸும் வரைந்திருந்தார்கள். வெள்ளையனைப் பார்த்தேன். நட்சத்திரமும் இல்லை, சாக்ஸும் இல்லை. எல்லாம் வெள்ளையில் கரைந்துபோயிருந்தன. நெற்றியிலும் கழுத்திலும் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இருந்தன. அவை சுழிகள். அப்பா என் விரலைப் பிடித்துக் குதிரையின் கழுத்து ரோமத்தில் வைத்தார். தண்ணீர் வடிகிற துளையில் சுழல்கிற மாதிரி ரோமம் சுழன்று நின்றது. "நிறம் ஓடிப்போயிடும், சுழி ஓடாது" என்றார். சுழி பார்த்து மாடும் குதிரையும் வாங்கிய ஊர்க்காரர்களின் பேரன் அவர். நல்ல சுழி, கெட்ட சுழி என்ற பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வெளிநாட்டுக் காகிதத்திலும் சுழியைத்தான் கடைசி அடையாளமாக வைத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் பெற்றோர் நிறமும் இருந்தது. அப்பன் பே. தாய் கிரே. வெளுத்துப்போகும் குதிரைகளுக்குத் திடலில் கிரே என்றுதான் பெயர். பால்போல வெளுத்த பிறகும் காகிதத்தில் கிரேதான். கிரே குட்டி பிறக்கும்போது கறுப்பாகவோ பே நிறமாகவோ செஸ்நட்டாகவோதான் இருக்கும். அந்த அடிப்படை நிறத்தை மரபணுக்கள் முறையாகப் பூசி முடித்த பிறகு, கிரே மரபணு வருஷக்கணக்காக உட்கார்ந்து அதை வடித்துவிடும்.

சிவப்பு ஒளிந்துகொள்ளும் என்றேன் அல்லவா, கிரே ஒளியவே ஒளியாது. ஒரே ஒரு பிரதி இருந்தாலும் போதும், குதிரை நரைத்தே தீரும். அதனால் ஒரு கிரே குதிரைக்கு அப்பனோ ஆத்தாளோ ஒருவர் கிரேயாக இருந்தே ஆக வேண்டும். அவருக்கும் அப்படியே. இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் அந்தக் கிளையில் வெள்ளை முடிந்தது, வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ரெண்டு வெள்ளைக் குதிரைக்குப் பழுப்புக் குட்டி பிறக்குமா?" பிறக்கும். இரண்டிடமும் ஒவ்வொரு பிரதிதான் இருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குட்டியிடம் கிரே துளியும் இல்லை, அதன் சந்ததியில் அது தானாக முளைக்காது.

2008-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லீஃப் ஆண்டர்சன் குழு இந்த மரபணுவைப் பிடித்தது. எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவுக்குள் சுமார் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். பல இனங்களைச் சேர்ந்த கிரே குதிரைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே துண்டு, அதே இடத்தில். ஆகவே எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, அந்த மூதாதை வாழ்ந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். 2024-இல் இன்னும் நுட்பமாகத் தெரிந்தது: துண்டு இரண்டு முறை இருந்தால் நரை மெதுவாக வரும், மூன்று முறை இருந்தால் விரைவாக வரும்.

அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கோ, எந்தப் புல்வெளியிலோ, ஒரு குதிரையின் உயிரணு பிரதி எடுக்கும்போது ஒரு பத்தியை இரண்டு முறை எழுதிவிட்டது. அந்தக் குட்டி கறுப்பாகப் பிறந்து வெளுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்த மனிதர்கள் அதைக் கொல்லாமல், ஒதுக்காமல், ஆசையாக வளர்த்து இனம் பெருக்கினார்கள். அந்தச் சங்கிலி ஒரு தலைமுறைகூட அறாமல் வந்ததால்தான் பத்து காந்தோங் லாயத்தில் என் அப்பா ஒரு வெள்ளைக் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் நான்காம் படிவத்தில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் வெள்ளையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அப்பா வாலைத் தூக்கிக் கழுவும்போது கையை நிறுத்தினார். மறுபடியும் தடவினார். வாலின் அடிப்பக்கம், ரோமமில்லாத கறுத்த தோலில், மிளகு அளவில் இரண்டு கட்டிகள். கெட்டியாக, பளபளவென்று கறுப்பாக இருந்தன. வலிக்கவில்லை, குதிரை பாட்டுக்கு வாயை மென்றுகொண்டு நின்றது. மருத்துவர் வந்து பார்த்தார். கிரே குதிரைக்கு வயதானால் வருவதுதான், தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவை சுண்டைக்காய் அளவு. அதற்கடுத்த வருஷம் நெல்லிக்காய். புதிதாக இன்னும் நான்கைந்து. அப்பா தினமும் சாயங்காலம் அந்த இடத்தை மட்டும் பிரஷ் போடாமல், ஈரத் துணியால் விரல் நுனியில் ஒற்றி ஒற்றித் துடைப்பார்.

அது மெலனோமா, நிறமி உயிரணுக்களின் கட்டி. 15 வயதைத் தாண்டிய கிரே குதிரைகளில் நான்கில் மூன்றுக்கு வருகிறது. காரணம் வேறெதுவுமில்லை, அதே 4,600 எழுத்துதான். அந்தத் துண்டு நிறமி உயிரணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. ரோம வேர்களில் சேர்த்து வைத்திருந்த உயிரணுக்கள் அதனால் சீக்கிரமே செலவாகித் தீர்ந்துவிட, ரோமம் வெளுக்கிறது. தோலில் இருப்பவை தீராமல் பெருகிக் கட்டியாகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அகூட்டியின் இரண்டு பிரதியும் விடுபட்டு, அடியில் கறுப்பாக இருக்கிற கிரேக்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதும் அதே 2008 ஆய்வில் தெரிந்தது. அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட வெள்ளையும் அப்பா ஒற்றித் துடைத்த கட்டியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பொலிவை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டியை விட்டுவிட வழியில்லை. இது தெரிந்த பிறகு வெள்ளைக் குதிரை எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் வாலுக்குத்தான் போகிறது.

1998-இல் கட்டிகள் ஆசனவாயை அடைக்கத் தொடங்கின. சாணம் போட முடியாமல் அது நின்று முனகியதை நான் கேட்டேன். ஊசி போட முடிவு செய்தார்கள். அன்றும் அப்பா இடது தோளருகேதான் நின்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

பிறக்கும்போதே வெள்ளையான குதிரைகளும் உலகத்தில் உண்டு. அது முற்றிலும் வேறு கதை. அவற்றில் நிறமி உயிரணுக்கள் தோலுக்கே வந்து சேர்வதில்லை. பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றம் அதற்குக் காரணம். ஜப்பானில் 1996-இல் அடர்பழுப்பு அப்பனுக்கும் வெள்ளையல்லாத தாய்க்கும் ஷிராயுகிஹிமே என்ற வெள்ளைக் குட்டி பிறந்தது. அதன் பேத்திதான் சொடாஷி. 2020-இல் உலகிலேயே முதல்முறையாக முதல்தரப் பந்தயம் ஒன்றை வென்ற பிறவி வெள்ளைக் குதிரை. நான் கைப்பேசியில் சொடாஷியின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதன் மூக்கு ரோஜா நிறம். தோலிலும் நிறமி இல்லை, அப்படித்தான் இருக்கும்.

"அப்ப கோயில் குதிரை மூக்கு தப்பில்லையா அப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வால் அடியில சுத்தமா இருக்குமா இதுக்கு?" என்று கேட்டார். கிரேயின் அந்தத் துண்டு இல்லாவிட்டால் அந்தக் கட்டிகளும் அப்படி வராது என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றார்.

2025-இல் பினாங்கில் பந்தயம் நின்றுபோனது. சைஸ்கள் பலரும் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. அண்மையில் திருப்பணி நடந்தபோது, பழைய சாயத்தையெல்லாம் சுரண்டிவிட்டு ஓவியர் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தார். நான் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். ஓவியர் ரோஜா நிற டப்பாவைத் திறந்தபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, மூக்கு கறுப்பு. கண்ணச் சுத்தியும் கறுப்பு. முட்டியில கொஞ்சம் சாம்பல் தேயுங்க, ரொம்ப வேணாம்."

"ஐயா, சாமி குதிரை வெள்ளைதானே?"

"வெள்ளதான். கறுப்பாப் பிறந்த வெள்ளை."

ஓவியர் பெரியவர் பேச்சுக்கு மரியாதை கொடுத்து அப்படியே பூசினார். சாயம் காய்வதற்குள் பூசாரி தீபாராதனைக்கு மணியடித்தார். எல்லாரும் சந்நிதி முன் கூடினார்கள். நான் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினேன். அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் தோளைப் பிடித்து மெல்ல எழுந்து, இரண்டு எட்டு வைத்துப் போய்க் குதிரையின் இடது தோளருகே நின்றுகொண்டார்.